நூற்று இருபத்தொரு சங்கிலி

அக்காவைப் பெண் பார்க்க வந்த அன்று, பெண்ணிடம் ஏதாவது கேட்க வேண்டுமா என்று பெரியவர்கள் மாப்பிள்ளையாக வந்த மாமாவிடம் கேட்டார்கள். சமைக்கத் தெரியுமா, தைக்கத் தெரியுமா என்று கேட்பார் என்றுதான் எல்லாரும் காத்திருந்தோம். அவர், "இங்கேருந்து உங்க கெணறு எத்தினி நடை?" என்றார்.

அக்கா கதவுக்குப் பின்னால் நின்றிருந்தாள். "எண்ணுனதில்ல," என்றாள்.

"வரசொல்ல நான் எண்ணுனேன். அறுபத்தெட்டு."

"தண்ணி வூடு வந்து சேர்ந்தா போதாதா? நடை எதுக்கு?"

கூடத்தில் இருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். மாமா சிரிக்கவில்லை. அந்தப் பதிலையும் எங்கோ குறித்துக்கொண்டவர் மாதிரி தலையை ஆட்டினார். தெருமுனை தாண்டியதும் தன் அப்பா நைனாவிடம், இந்தப் பெண்ணே போதும் என்று சொல்லிவிட்டாராம். சம்பந்தம் பேசி முடித்துப் பல வருஷம் கழித்து நைனாதான் இதை எங்களுக்குச் சொன்னார்.

மாமா செஞ்சியில் சர்வே ஆபீசில் சங்கிலி இழுக்கிறவர். நிலம் அளக்கப் போனால் அதிகாரி குடையோடு வரப்பில் நின்றுகொள்வார். இரும்புச் சங்கிலியின் நுனியைப் பிடித்துக்கொண்டு முள்ளிலும் சேற்றிலும் இறங்குவது மாமா. ஒரு சங்கிலி அறுபத்தாறு அடி. எண்பது சங்கிலி போட்டால் ஒரு மைல். மறுநுனியைப் பிடித்திருக்கிறவன் கை கொஞ்சம் தளர்ந்தாலும் சங்கிலி நடுவில் தொங்கும், அளவு தப்பாகிவிடும். அப்போது மாமா திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார். நின்ற இடத்திலிருந்தே "தொங்குது" என்பார். கையில் இருக்கும் நுனியை வைத்தே அவருக்கு அது தெரிந்துவிடும்.

வீட்டிலும் அவருக்கு ஒரு சங்கிலி இருந்தது. அது கயிறு. ஆபீஸ் சங்கிலியோடு வைத்து அளந்து, பத்து முடிச்சுப் போட்டு, ஆணியில் மாட்டி வைத்திருந்தார். யார் எதைச் சொன்னாலும் அவர் கை அந்த ஆணிப் பக்கம் போகும். "இழுத்துப் பாத்துரலாம்," என்பார். பந்தலுக்கு எத்தனை கீற்று வேண்டும்? இழுத்துப் பாத்துரலாம். இந்தக் கட்டில் அந்தக் கதவில் நுழையுமா? இழுத்துப் பாத்துரலாம். ஒரு வருஷம் மாதா சப்பரத்தைப் புதுத் தெரு வழியாகக் கொண்டுபோகலாம் என்று எங்கள் ஆட்கள் முடிவு செய்தார்கள். மாமா கயிற்றோடு போய் முனையை அளந்துவிட்டு, நாலு விரல் இடிக்கும் என்றார். மாதா பாத்துக்குவாங்க என்று ஆட்கள் சொன்னார்கள். சப்பரம் போனது, மூலை வீட்டுச் சுவர் இடிந்தது. நாலு விரல்தான். அதற்கு அப்புறம் ஊரில் அவரைக் கிண்டல் செய்தார்களே தவிர, அவர் சொன்ன அளவை யாரும் தட்டவில்லை.

மாமா எங்கே போனாலும் சைக்கிள், இல்லாவிட்டால் நடை. ஆபீஸ் ஜீப்பில் அதிகாரிகள் போவார்கள். சங்கிலிக்காரர்கள் பின்னால் சைக்கிளில் போய்ச் சேரவேண்டும். இதை ஏன் இங்கே சொல்கிறேன் என்றால், அப்போது எங்கள் யாருக்கும் இது ஒரு விஷயமாகத் தோன்றவில்லை.

அக்காவுக்கு வண்டி ஒத்துக்கொள்ளாது. பஸ் கிளம்பும்போது வரும் புகை வாசனைக்கே அவள் முகம் மாறிவிடும். திண்டிவனம் போவதற்குள் நாலு முறை வாந்தி எடுப்பாள். கண்டக்டர்களுக்கு அவளைத் தெரியும். ஏறும்போதே, "ஜன்னலாண்ட போம்மா, மத்தவங்க தள்ளி உக்காருங்க," என்பார்கள். அந்த வெட்கத்திலேயே அவளுக்குப் பாதி உயிர் போய்விடும்.

எங்கள் அம்மா பாண்டிச்சேரியில் ஆஸ்பத்திரியில் இருந்தபோது, உடனே வரச்சொல்லி ஆள் வந்தது. அக்கா பஸ் ஏறினாள். திண்டிவனத்தில் இறக்கிவிட்டார்கள், நிற்கக்கூட முடியவில்லை. பஸ் ஸ்டாண்டில் ஒரு பூக்காரம்மா பக்கத்தில் படுத்திருந்து, மறுநாள் காலையில் மறுபடி பஸ் ஏறினாள். அதற்குள் அம்மாவின் உடலை நாங்கள் ஊருக்குக் கொண்டு வந்துகொண்டிருந்தோம். வழியில் அவள் போன பஸ்ஸும் நாங்கள் வந்த வண்டியும் ஒன்றையொன்று தாண்டியிருக்கும். மாமா எங்கோ அளவு முகாமில் இருந்தவர், சேதி கேட்டுப் பாண்டிச்சேரிக்கு நாற்பது மைலும் சைக்கிளிலேயே போய் அவளைக் கண்டுபிடித்தார். அன்றைக்கு அக்கா சொன்னது: "இனிமே நா வண்டி ஏறமாட்டேன்." சொன்னபடியே ஆறு வருஷம் ஏறவில்லை.

அந்த ஆறு வருஷத்தில் ஒரு வருஷம், பஜாரில் ஒரு ஜவுளிக்கடையில் கொடுத்த காலண்டர் வீட்டுக்கு வந்தது. மைசூர் பிருந்தாவனத்தின் படம். இருட்டிய வானம், கீழே சிவப்பும் பச்சையுமாக எழும்பும் தண்ணீர். வருஷம் முடிந்து தேதித்தாள் எல்லாம் தீர்ந்த பிறகும் அக்கா அதை எடுக்கவில்லை. அடுப்புக்கு எதிர்ச் சுவரில் இருந்தது. புகையில் பச்சை பழுப்பாகிப் போனது. ஊதுகுழலைக் கையில் வைத்துக்கொண்டு அவள் அதைப் பார்த்தபடி இருப்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். மாமாவும் பார்த்திருக்கவேண்டும். ஆனால் அவர் அவளிடம் கேட்டது வேறு.

"இது எத்தினி நீளம் இருக்கும்?"

"எது?"

"இந்தத் தோட்டம். படத்துல தெரியமாட்டேங்குது."

"போய்ப் பாத்துட்டு வந்து சொல்லுங்க," என்றாள் அக்கா.

அவள் கிண்டலாகச் சொன்னதை அவர் அப்படியே எடுத்துக்கொண்டார்.

நான் அப்போது மல்லாட்டைக் கடலை எண்ணெய் மில் முதலாளிக்குக் கார் ஓட்டிக்கொண்டிருந்தேன். ஐந்தாவதோடு படிப்பை நிறுத்தியவன். நாலு பேர் எதிரில் வாய் திறக்க வராது. ஓட்டுகிறவனிடம் யாரும் அதிகம் பேச்சை எதிர்பார்க்கமாட்டார்கள் என்பதால் அந்த வேலை எனக்குப் பிடித்திருந்தது. பழைய பெரிய பிளசர் கார் அது. மே மாதத்தில் மில் ஓடாது. முதலாளியிடம் எனக்காகக் கேட்க மாமாவே வந்தார். நாலு நாளைக்குக் கார் வேண்டும், பெட்ரோல் எங்களுடையது, அஞ்சாம் நாள் காலையில் வாசலில் நிற்கும் என்றார். முதலாளி நல்ல மனுஷர், சரி என்றுவிட்டார். அவர் உள்ளே போவதற்குள் மாமா கயிற்றை எடுத்துக் காரை அளக்க ஆரம்பித்துவிட்டார். நீளம், அகலம், சீட்டுக்கும் சீட்டுக்கும் நடுவே, கதவுக்குக் கதவு.

முதலாளி திரும்பி வந்து பார்த்தார். "இன்னாய்யா, என் காரைப் பொறம்போக்குன்னு எழுதப்போறியா?"

"இல்லிங்க. வூட்ல ஒண்ணு போட்டுப் பாக்கத்தான்."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் அவர் சொன்னதன் அர்த்தம் தெரிந்தது. வீட்டுக்குப் பக்கத்தில் மல்லாட்டை காயவைக்கும் களத்தில், சுண்ணாம்புப் பொடியால் அந்தக் காரை அப்படியே போட்டிருந்தார். சீட்டு, கதவு, என் காலுக்கு பிரேக் முதற்கொண்டு. எல்லாரும் உள்ளே வந்து உட்கார வேண்டும். இரண்டு மணி நேரம் யாரும் இறங்கக்கூடாது. எனக்கு ஸ்டியரிங்குக்கு ஒரு முறம்.

நைனா வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு நேராக உள்ளே வந்தார்.

"நைனா, சுவத்துக்குள்ள பூந்து வர்றியே. கதவு அங்க கீது."

"மோட்சத்துக்குப் போறதா இருந்தாக்கூட நீ சுண்ணாம்பு போட்டுத்தான்டா என்னை அனுப்புவ," என்று சொல்லிக்கொண்டே கிழவர் திரும்பிப் போய், இல்லாத கதவைத் திறந்து, உட்கார்ந்து, மறுபடி சாத்தினார். சாத்தும்போது வாயால் சத்தமும் கொடுத்தார். மாமாவின் இரண்டு பெண்களும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

தெருவில் போகிறவர்கள் நின்றார்கள். "எங்க தாத்தா, கூட்டமா குந்திக்கினு இருக்கிறீங்க?"

"மைசூருக்கு. இப்பதான் செங்கம் தாண்டுச்சு," என்றார் நைனா.

நான் முறத்தால் முகத்தை மறைத்துக்கொண்டேன். ஆனால் வீண் வேலை இல்லை அது. அரைமணியில் நைனாவுக்கு முட்டி பிடித்தது, அவரைக் கதவோரம் மாற்றினார் மாமா. ஒரு மணியில் சின்னவளுக்கு ஒண்ணுக்கு வந்தது, அங்கே ஒரு நிறுத்தம் என்று குறித்தார். தண்ணீர்க் குடம் எங்கே வைத்தால் யார் காலில் இடிக்கும் என்பதுவரை தெரிந்தது. எனக்குப் பக்கத்தில் முன்சீட்டில் மட்டும் யாரும் இல்லை. அங்கே ஒரு கல்லை வைத்திருந்தார்.

அக்கா களத்து ஓரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். "நா வரல. நீங்கல்லாம் போய்ட்டு வாங்க. வந்து சொல்லுங்க, கேட்டுக்கிறேன்."

"இழுத்துப் பாத்துரலாம்," என்றார் மாமா.

அவளை இழுத்துப் பார்ப்பதற்கு அவர் செய்தது இதுதான். முதலில் காரில் இருந்த எண்ணெய் மில் வாசனை போக, சீட்டுகளை நானும் அவரும் சீயக்காயும் புளியும் போட்டுத் தேய்த்தோம். முதலாளி ஞாயிறு பிற்பகலில் காரை எடுக்கமாட்டார், அவரிடம் சொல்லிவிட்டு அந்த நேரத்துக்குக் கொண்டு வருவேன். அக்கா முன்சீட்டில். திருவண்ணாமலை ரோட்டில் மெதுவாகப் போகவேண்டும். மாமா சைக்கிளில் முன்னால் போவார். எந்த இடத்தில் அவளுக்கு முடியவில்லையோ அங்கே நிறுத்த வேண்டும். அந்த இடத்தில் அவர் ரோட்டோரம் ஒரு சுண்ணாம்புக் கோடு போடுவார். அடுத்த வாரம் கோடு தள்ளிப் போகிறதா என்று பார்ப்போம்.

முதல் ஞாயிறு, செஞ்சிக் கோட்டைச் சுவரை வெட்டிக்கொண்டு ரோடு போகிற இடத்துக்கு முன்னாலேயே அவள் கதவைத் திறந்துவிட்டாள். இரண்டாவது ஞாயிறும் அங்கேதான். "நா சொன்னேன் இல்ல," என்று அழுதாள். மாமா எலுமிச்சம்பழத்தை அவள் கையில் கொடுத்துவிட்டுக் கோடு போட்டார். அந்தக் கோடு போன வாரக் கோட்டுக்கு மூன்று முழம் தள்ளி இருந்தது. அதைக் காட்டினார். "பாரு, ஏறியிருக்குது." அவள் அழுகைக்கு நடுவில் சிரித்துவிட்டாள்.

வெறும் வயிற்றோடு பார்த்தார். இட்லி சாப்பிட வைத்துப் பார்த்தார். கண்ணை மூடச் சொன்னார், அது மோசமாக இருந்தது. நாலாவது ஞாயிறு அவள் கோட்டையைத் தாண்டினாள், மூன்று மைல் கல்லையும் தாண்டினாள். மாமா சைக்கிளை நிறுத்திவிட்டு ஓடி வந்தார்.

"இன்னிக்கி இன்னா பண்ண?"

"ஒண்ணும் பண்ணல."

"எதைப் பாத்துக்கினு வந்த?"

அக்கா என்னைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். "உங்க முதுவத்தான்."

அவருடைய வெள்ளைச் சட்டை முதுகு முன்னால் போய்க்கொண்டே இருந்திருக்கிறது. அதையே பார்த்துக்கொண்டு வந்ததில் வயிற்றை மறந்துவிட்டாள். அதற்குப் பிறகு கோடு வாராவாரம் ஓடியது. ஒரு ஞாயிறு கீழ்ப்பென்னாத்தூர் வரையே போய்விட்டோம். மாமா சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டிருக்க, நாக்குத் தள்ளிக்கொண்டு மிதித்தார். வீட்டுக்கு வந்ததும் நைனா, "மைசூரு வரைக்கும் இப்படியே மிதிச்சினா, அங்க போய்ச் சேர்றது வெறும் சட்டதான்," என்றார். அக்காவும் யோசித்திருக்கிறாள். அடுத்த வாரம், "நீங்க பின்னாடியே வாங்க. நா தூரத்துல மலையப் பாத்துக்கினு வர்றேன்," என்றாள். மலையும் வேலை செய்தது. அன்று திருவண்ணாமலை மலை பெரிதாகத் தெரியும்வரை போனோம். மாமா எங்கோ பின்னால் புள்ளியாக வந்துகொண்டிருந்தார்.

ஈஸ்டர் முடிந்து, பள்ளிக்கூடம் லீவு விட்டு, வெயில் ஏறிய ஒரு செவ்வாய்க்கிழமை விடியற்காலையில் கிளம்பினோம். திட்டம் மாமாவின் சட்டைப்பையில் நாலாக மடித்து இருந்தது. முதல் நாள் ராத்திரி பெங்களூர். இரண்டாம் நாள் மத்தியானம் மைசூர், சாயங்காலம் தோட்டம். மூன்றாம் நாளும் நாலாம் நாளும் திரும்புவது. தோட்டத்தில் இருட்டின பிறகு கொஞ்ச நேரம்தான் விளக்கு எரியும் என்று ஆபீசில் யாரோ போய் வந்தவர் சொல்லியிருந்தார். ஆக, அக்கா அதைப் பார்ப்பதற்கு இருந்தது அந்த ஒரே ஒரு சாயங்காலம்.

அக்கா முன்சீட்டில் மடியில் எலுமிச்சம்பழத்தோடு உட்கார்ந்திருந்தாள். பின்னால் கதவோரம் நைனா, மறு கதவோரம் பெண்கள், நடுவில் மாமா. திருவண்ணாமலை தாண்டியது. எல்லாரும் அக்காவையே பார்த்துக்கொண்டிருந்தோம். அவள் கண் தூரத்தில் இருந்தது, உதடு மட்டும் ஜெபம் சொல்லிக்கொண்டிருந்தது. செங்கம் தாண்டி ரோடு காட்டுக்குள் வளைய ஆரம்பித்தது. அப்போது நைனாவின் குரல் கேட்டது.

"டேய், மூஞ்சி ஏன்டா சுண்ணாம்பாட்டம் இருக்குது?"

கண்ணாடியில் பார்த்தேன். மாமா இரண்டு கையாலும் முன்சீட்டைப் பிடித்துக்கொண்டிருந்தார். "மச்சான், கொஞ்சம் நிறுத்து," என்றார். நிறுத்துவதற்குள் ஆகிவிட்டது.

நாங்கள் எல்லாரும் ரோட்டோரம் நின்றோம். மாமா ஒரு புளியமரத்தைப் பிடித்துக்கொண்டு குனிந்திருந்தார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. எட்டு ஞாயிறு கார் ஓடியது. ஒரு ஞாயிறுகூட அவர் காருக்குள் உட்காரவில்லை. எல்லாரையும் அளந்தவர் தன்னை விட்டுவிட்டார். அவர் வண்டி ஏறினவரே இல்லை என்பது எங்களில் ஒருத்தருக்கும் ஞாபகம் வரவில்லை.

கிருஷ்ணகிரி போவதற்குள் ஆறு முறை நிறுத்தினேன். பொழுது போய்விட்டது. ஒரு சத்திரத்துத் தாழ்வாரத்தில் படுக்க வைத்தோம். பெங்களூர் அன்றைக்கு இல்லை என்று ஆகிவிட்டது. மறுநாள் காலையில் மாமா சட்டைப்பையிலிருந்து காகிதத்தை எடுத்து என்னிடம் நீட்டினார்.

"மச்சான், நீங்க போங்க. எனக்காக நிறுத்தி நிறுத்திப் போனா வெளக்கு போயிடும். நா பஸ்ல திரும்பிக்கிறேன்."

"பஸ்ஸு இன்னா பல்லக்கா?" என்றார் நைனா.

"நடந்து போறேன்."

அக்கா சத்திரத்துக் கிணற்றில் முகம் கழுவிக்கொண்டு வந்தாள். காரின் முன்கதவைத் திறந்துவிட்டு நின்றாள். "ஏறுங்க. என் எடத்துல உக்காருங்க."

"அது உனக்குப் போட்ட எடம்."

"எனக்கு எதுவும் ஆவாது. பின்னாடியும் ஆவாது. தூரத்துல ஏதாச்சும் ஒண்ணையே பாருங்க."

"இன்னாத்தப் பாக்கறது?"

"நா வோணா முன்னாடி சைக்கிள்ல போவட்டுமா?"

நைனா சிரித்த சிரிப்பில் அவருக்கு இருமல் வந்துவிட்டது. மாமாவும் சிரித்தார். அவர் வாய்விட்டுச் சிரித்ததை நான் பார்த்தது அன்றுதான்.

அவர் பார்ப்பதற்கு ஒரு பொருளைக் கண்டுபிடித்ததும் அக்காதான். பெங்களூர் தாண்டினதும் எங்களுக்கு முன்னால் ஒரு கரும்பு லாரி போய்க்கொண்டிருந்தது. நான் தாண்டப் பார்த்தேன். "தம்பி, தாண்டாத. பின்னாடியே போ. அதையே பாத்துக்கினு வரட்டும்," என்றாள். அந்தத் தோகைகள் ஆடுவதைப் பார்த்துக்கொண்டே மாமா வந்தார். வாந்தி நின்றது. ஆனால் லாரி மாட்டுவண்டி வேகத்தில் போனது. பொழுது சாய்ந்துகொண்டே வந்தது. தாண்டினால் மாமாவுக்கு முடியாது, தாண்டாவிட்டால் விளக்குக்குப் போய்ச் சேர முடியாது. நான் கண்ணாடியில் அக்காவைப் பார்த்தேன். அவள் சூரியனைப் பார்த்தாள், அவர் பிடரியைப் பார்த்தாள். மண்டியாவுக்குக் கிட்டே லாரி ஒரு ஆலைப் பக்கம் திரும்பிவிட்டது. மாமா என் தொடையைத் தட்டினார். "உடு மச்சான். எவ்ளோ வேகமா முடியுமோ உடு. நா கண்ணைத் தொறக்கமாட்டேன்."

தோட்டத்து வாசலில் நாங்கள் இறங்கும்போது வானத்தில் வெளிச்சம் கொஞ்சம்தான் மிச்சம் இருந்தது. மாமாவால் ஒரு சிமென்டு பெஞ்சு வரைக்கும்தான் நடக்க முடிந்தது. கயிற்றைத் தலைக்கு வைத்துப் படுத்தார். "வெளக்கு வந்தா எழுப்புங்க. நீளம் பாக்கணும்," என்றார். அடுத்த மூச்சில் தூங்கிவிட்டார். இரண்டு நாளாக வயிற்றில் ஒன்றும் நிற்காத ஆள்.

நைனா பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். பெண்கள் தண்ணீர்ப் பக்கம் ஓடினார்கள். அக்கா அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"எழுப்பட்டுமா?" என்றேன்.

"வோணாம். தூங்கட்டும். எழுந்தா நீளம் கேப்பாரு, நானே எண்ணிடறேன்."

களத்தில் அவள் நடையை அவர் ஏற்கெனவே அளந்திருந்தார். முப்பத்துமூன்று நடை ஒரு சங்கிலி. வாசலண்டை முதல் படியில் காலை வைத்து அவள் எண்ண ஆரம்பித்தாள். ஒண்ணு, ரெண்டு, மூணு. நான் பின்னாலேயே போனேன். இருநூற்று முப்பதோ நாற்பதோ சொல்லிக்கொண்டிருந்தாள். அப்போது விளக்கு வந்தது.

எல்லாம் ஒரே சமயத்தில். காலடியிலிருந்து கண்ணுக்கு எட்டின தூரம்வரை தண்ணீர் நிறம் நிறமாக எழுந்து நின்றது. அக்காவின் உதடு அப்படியே நின்றுவிட்டது. அடுப்புப் புகையில் பழுப்பாகிப் போன பச்சை அங்கே பச்சையாக இருந்தது. அவள் புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு நடந்தாள். ஒரு தொட்டியிலிருந்து இன்னொரு தொட்டிக்கு, அங்கிருந்து மேலே, திரும்பவும் கீழே. சாரல் மேலே பட்டதற்கு ஒருமுறை என் கையைப் பிடித்தாள். எண்ணவில்லை. விளக்கு அணைகிறவரை எண்ணவே இல்லை.

பெஞ்சுக்குத் திரும்பியபோது மாமா எழுந்து உட்கார்ந்திருந்தார். எதிரே இருட்டு. "போயிடுச்சா?"

"போயிடுச்சு," என்றார் நைனா. "நல்லா இருந்துதுடா."

மாமா அக்காவிடம் திரும்பினார். "பாத்தியா?"

"பாத்தேன்."

"நீளம் எத்தினி இருக்கும்?"

மறந்துவிட்டேன் என்று சொல்வாள் என்று நினைத்தேன். "நாலாயிரம் நடை," என்றாள்.

மாமாவின் உதடு கொஞ்ச நேரம் அசைந்தது. "நூத்தி இருபத்தொரு சங்கிலி," என்றார். "நல்ல நீளம்."

நூற்று இருபத்தொரு சங்கிலி என்றால் ஒன்றரை மைல். அந்தத் தோட்டம் அவ்வளவு இல்லை என்பது எனக்கே தெரியும்.

திரும்பி வந்த அடுத்த ஞாயிறு மாமா ஆணியிலிருந்து கயிற்றை எடுத்தார். என்னை ஒரு நுனியைப் பிடிக்கச் சொன்னார். வாசல் படியில் ஆரம்பித்து, களத்தைத் தாண்டி, சிங்கவரம் பக்கமாகச் சுண்ணாம்புக் கோடு போட்டுக்கொண்டே போனார். அறுவடை முடிந்த காலம், வயலெல்லாம் காய்ந்து கிடந்தது. "இன்னாப்பா, வாய்க்கால் வருதா?" என்று ஒருத்தர் கேட்டார். சர்வே ஆபீஸ் ஆள் ஞாயிற்றுக்கிழமையில் கோடு போட்டால் அது வாய்க்கால் இல்லை, ரயில்தான் என்று இன்னொருத்தர் சொன்னார். பத்து மணிக்குள் பஜாரில் டீக்கடைவரை செஞ்சிக்கு ரயில் வந்துவிட்டது. விசாரிக்க வந்தவர்களிடம் நைனா, "ஆமா, டேஷன் எங்க வூட்டாண்டதான். வண்டிக்கு ரெண்டு கதவு, பாத்து ஏறுங்க," என்றாராம்.

அக்கா ஒரு தூக்கில் கூழ் எடுத்துக்கொண்டு கோட்டின் மேலேயே நடந்து வந்து சேர்ந்தாள். அதற்குள் நாங்கள் பனைமரங்களைத் தாண்டியிருந்தோம். சிங்கவரம் மலை பக்கத்தில் தெரிந்தது.

"எத்தினி ஆச்சு?"

"தொண்ணூத்தாறு. இன்னும் இருபத்தஞ்சு."

அக்கா திரும்பிப் பார்த்தாள். வயலுக்கு மேல் வயலாக வெள்ளைக் கோடு போய்க்கொண்டே இருந்தது. எங்கள் வீடு தெரியவில்லை. அவள் தூக்கைக் கீழே வைத்தாள்.

"இன்னாங்க. நா எண்ணல. வெளக்கு வந்ததும் உட்டுட்டேன். நாலாயிரம்னு வாய்க்கு வந்ததச் சொன்னேன்."

மாமா கூழைக் குடித்து முடித்தார். வாயைத் துடைத்துக்கொண்டார். "தெரியும்," என்றார்.

"தெரிஞ்சுக்கினே எதுக்கு இந்த வெய்யில்ல இழுக்கறீங்க?"

அவர், "அவ்ளோ பெருசா இருந்துதா?" என்று கேட்டார்.

அக்கா சுண்ணாம்புக் கோட்டைப் பார்த்தாள், மலையைப் பார்த்தாள்.

"இருந்துது," என்றாள்.

"அப்ப சரி."

அவர் சுண்ணாம்புக் கூடையை எடுத்துக்கொண்டு, கயிற்றின் நுனியோடு மலையைப் பார்த்து நடந்தார். அக்கா தலையில் முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு அவருக்குப் பின்னாலேயே போனாள். நான் அந்த இரண்டு முதுகையும் பார்த்துக்கொண்டு நின்றேன். என் கை எப்போது தளர்ந்தது என்று எனக்குத் தெரியாது. மாமா நின்றார். திரும்பிப் பார்க்கவில்லை.

"மச்சான், தொங்குது."